சுவர் ஏன் உரிகிறது? வாவிக்கரை உப்பும் பனிநாட்டு ஐஸும்

சுவரில் வெள்ளையாகப் பூத்து, பூச்சு உப்பி, பெயின்ட் தோல் தோலாகக் கழன்றால் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உவர் ஏறிட்டு. கொத்திப்போட்டு நல்லா சீமெந்து போட்டுப் பூசு." கல்லடியிலும் இதுதான் பேச்சு, கல்முனையிலும் இதுதான் பேச்சு. நானும் அதைக் கேட்டு நடந்தவன். 2006 இல் அம்மாவின் அறைச் சுவரை முழங்கால் உயரத்துக்குக் கொத்துவித்து, ஒன்றுக்கு மூன்று கணக்கில் பலமான சீமெந்துக் கலவை போட்டுப் பூசுவித்தேன். இரண்டு மாரி போனது. புதுப் பூச்சு கல்லுப்போல நின்றது. ஆனால் அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், அதுவரை ஒரு பழுதும் இல்லாமல் இருந்த சுவர் உதிரத் தொடங்கியது. விடிந்தால் அம்மாவின் தலைமாட்டில் செங்கல் தூள் சிவப்பாகக் கிடக்கும்.

போன பங்குனியில் கனடாவில் இருக்கும் அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ரொறன்ரோவில் அவர்கள் வாங்கிய பழைய செங்கல் வீடு. வெளிச்சுவரில் பல கற்களின் முகம் பிஸ்கற் மாதிரிப் பிளந்து நிலத்தில் கிடந்தது. "தம்பி, இங்க கடலும் இல்ல, வாவியும் இல்ல. இதென்ன, இங்கயும் உவரா?" என்று கேட்டிருந்தார்.

அக்காவுக்கு எழுதிய பதில்தான் விரிந்து இந்தக் கட்டுரையானது. அவருடைய சுவரிலும் அம்மாவின் சுவரிலும் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றேதான். அங்கே ஐஸ், இங்கே உப்பு. இரண்டையும் சுவருக்குள் கொண்டுபோவது தண்ணீர். நோயை முற்ற விடுவது, நல்ல எண்ணத்தோடு நாங்கள் போடும் பலமான சீமெந்து.

செங்கல்லும் தயிர்ச்சட்டியும்

எருமைத் தயிர் மண்சட்டியில் அவ்வளவு கட்டியாக உறைவதற்குச் சட்டியும் ஒரு காரணம். தயிரிலுள்ள தண்ணீரில் ஒரு பங்கை அது உறிஞ்சிவிடுகிறது. சட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவினால் குளிர்ந்து ஈரமாக இருக்கும். செங்கல்லும் அதே சங்கதிதான். தடித்த சட்டித் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். களிமண் காய்ந்து சூளையில் வேகும்போது, அதிலிருந்த நீர் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களாக மிஞ்சுகிறது. இவற்றுக்குப் பெயர் நுண்துளைகள். காய்ந்த செங்கல்லின் மேல் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். வழிந்தோடாது, கல் குடித்துவிடும். மேசன்மார் கட்டுவதற்கு முன் கல்லை நனைப்பது இதனால்தான். நனைக்காத கல், சாந்து இறுகத் தேவையான நீரையும் சேர்த்துக் குடித்துவிடும்.

எல்லாக் கல்லும் ஒரே அளவு குடிக்காது. சூளையின் நடுவில் நன்றாக வெந்த கல் கருஞ்சிவப்பாக இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். ஓரத்தில் அரைகுறையாக வெந்த கல் வெளிறி, நகத்தால் சுரண்டினாலே தூளாகும். ஒரே சுவரில் ஒரு கல் மட்டும் கரைந்து குழியாகி, பக்கத்துக் கல் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வேக்காட்டு வித்தியாசம்தான்.

இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். கல்லையும் கல்லையும் ஒட்டுவது சாந்து. அது இருக்கும் இடைவெளி பொருத்து. சுவர் முகத்தின் மேல் இழுப்பது பூச்சு. நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'கலவை' என்றே சொல்லிவிடுவதால்தான் பேச்சில் பாதிக் குழப்பம்.

தண்ணீர் மேலே ஏறுகிறது

சாரனின் ஓரம் தண்ணீரில் தொட்டால் சற்று நேரத்தில் முழங்கால்வரை ஈரமாகிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் அப்படித்தான். ஒடுங்கிய துளைக்குள் திரவம் தானாக மேலேறும் இந்தத் தன்மையைத்தான் பள்ளிக்கூடத்தில் மயிர்த்துளை எழுகை என்று படித்தோம். செங்கல் சுவரும் ஒரு பெரிய திரி. அத்திவாரம் ஈர மண்ணில் நிற்கிறது. நீர் கல்லாலும் சாந்தாலும் மேலே வருகிறது.

எங்கள் ஊர்களின் இருப்பிடத்தையும் யோசியுங்கள். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். திரிக்கு எண்ணெய் குறைவதே இல்லை.

நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதில்தான் எல்லோரும் பிழைவிடும் இடம் இருக்கிறது. கீழிருந்து ஏறும் நீரும், சுவர் முகத்தால் ஆவியாகிப் போகும் நீரும் சமப்படும் மட்டம்வரை ஏறும். வழமையாக அது ஒரு மீற்றர் அளவு, சில சுவர்களில் ஒன்றரை மீற்றர். சுவர் முகத்தை நீராவி போகாத பூச்சால் மூடினால் ஏறுவது நிற்காது. வெளியேற வழி தேடி இன்னும் மேலே போகும். அம்மாவின் அறையில் நான் முழங்கால் உயரத்துக்கு அடைத்தேன், நீர் இடுப்பு உயரத்தில் வெளியே வந்தது.

அப்போது பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதான மேசன் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கையில் ஆயுதம் ஒன்றும் எடுக்கவில்லை. விரல் மொட்டியால் பூச்சைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். கீழே சத்தம் பொத்தென்று கேட்டது. மேலே போகப் போக டொக் டொக் என்று வெறும் பானைச் சத்தம். "மகன், நீங்க சுவர்ர வாயக் கட்டிட்டீங்க. மறுகா அது எங்கால மூச்சு விடுற?" என்றார். இத்தனை வருட வேலைத்தள அனுபவத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இதுவரை பார்த்தது: செங்கல் தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீர் சுவர் முகத்தால் வெளியேற வேண்டும், அந்த வழியை அடைத்தால் ஈரம் உயரும்.

உப்பு உள்ளே என்ன செய்கிறது

வெறும் தண்ணீர் ஏறி ஆவியாகிப் போனால் இவ்வளவு சேதம் வராது. இங்கே அது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நிலத்தடி நீரில் உப்பு இருக்கும். கடற்காற்றில் இருக்கும். செலவு குறைக்கக் கடற்கரை மணலைக் கலவைக்கு எடுத்தால் அதில் இருக்கும். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் அதிலும் இருக்கும். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஏறிய வீடுகளில் ஒரே நாளில் சுவர் குடித்த உப்பு வேறு. கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு உண்டு. நீர் காய்ந்தது, உப்பு சுவருக்குள் தங்கிவிட்டது.

தங்கிய உப்பு சும்மா இருப்பதில்லை. குசினியிலுள்ள உப்புப் போத்தலைப் பாருங்கள். மழைக்காலத்தில் நசநசவென்று நீர்விடும், வெயில் காலத்தில் கட்டியாகும். காற்று எவ்வளவு நீராவியைப் பிடித்திருக்க முடியுமோ, அதில் இப்போது எத்தனை வீதம் பிடித்திருக்கிறது என்பதைச் சாரீரப்பதன் என்கிறோம். சாப்பாட்டு உப்புக்கு எல்லை 75 வீதமளவு. அதற்கு மேல் போனால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கீழே வந்தால் திரும்பப் பளிங்காகும். பளிங்கு என்பது உப்புக் கல், சீனிக் கல் மாதிரி ஒழுங்கான வடிவத்தில் இறுகிய திண்மம்.

எங்கள் கரையோரத்துக் காற்று இந்த எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் திரும்புகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சுட்டெரிக்கும் பகலில் காற்று வறண்டுவிடும். இரவில் கடல் ஈரம் வந்துவிடும். சுவருக்குள் உப்பு கரைகிறது, பளிங்காகிறது, மறுபடி கரைகிறது. வளரும் ஒவ்வொரு பளிங்கும் தானிருக்கும் துளையின் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒரு முறை தள்ளினால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் முறை தள்ளினால் செங்கல் தூளாகும்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நீர் சுவரின் முகம்வரை தடையில்லாமல் வந்து ஆவியானால் உப்பு வெளியே வெள்ளையாகப் படியும். இது உப்புப் பூத்தல். பார்க்க அசிங்கம், ஆனால் தும்புத்தடியால் கூட்டிவிடலாம். முகத்தைச் சீமெந்தாலோ தோல்போல் படியும் பெயின்டாலோ மூடியிருந்தால், உப்பு அந்த மூடிக்குப் பின்னால் பளிங்காகும். இது உள்ளே பூத்தல். சுவரைக் கொல்வது இதுதான். அம்மாவின் அறையில் டொக் டொக் என்று கேட்ட இடத்தைக் கழற்றியபோது பூச்சு ஒரு பலகை மாதிரி ஒன்றாக வந்தது. அதன் முதுகில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை ஊசிகள் நின்றன. அதற்குப் பின்னால் இருந்த செங்கல்லை விரலால் குழி தோண்டக்கூடியதாக இருந்தது.

பனிநாட்டில் ஐஸ் என்ன செய்கிறது

சோடாப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டில் மறந்து வைத்தால் வெடித்துவிடும். நீர் உறையும்போது அதன் கனவளவு 9 வீதமளவு கூடுகிறது. செங்கல்லின் துளைகள் பாதி காலியாக இருந்தால் விரியும் ஐஸுக்கு இடமிருக்கும். கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால் இடமில்லை, கல் பிளக்கும். முகம் தகடாகக் கழலும். அக்கா படத்தில் காட்டியது இதைத்தான்.

குளிர் கடுமையாக இருப்பது மட்டும் காரணமல்ல. மாதக்கணக்கில் ஒரே உறைவாக இருந்தால் ஐஸ் ஒரு முறைதான் விரியும். பகலில் கரைந்து இரவில் உறைந்து, பூச்சியத்தைத் தாண்டித் தாண்டி வரும் நாட்களே கூடிய சேதம் செய்கின்றன. கச்சான் காலத்தில் எங்கள் உப்பு ஆடும் அதே ஆட்டம். அங்கே வீதியில் ஐஸ் கரைக்க உப்பும் தூவுகிறார்கள். வாசற்படியோரச் சுவர் அதையும் குடித்தால் இரண்டு துன்பமும் சேர்ந்துகொள்ளும்.

சாந்து ஏன் மெலிதாக இருக்க வேண்டும்

தோணித்துறையில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். தோணி வந்து இடிக்கும்போது டயர் தேயும், தோணியும் துறையும் தப்பும். டயர் தேய்ந்தால் இன்னொன்று கட்டலாம். சுவரில் அந்த டயர் சாந்துதான். பழைய வீடுகளில் அது சுண்ணாம்புச் சாந்து: கல்லைவிட மெலிது, அதாவது பலம் குறைந்தது, கல்லைவிட நீர் எளிதாக உள்ளே வெளியே போகும். ஈரம் பொருத்தின் வழியாகவே வெளியேறும். உப்பும் அங்கேதான் பளிங்காகும். ஐஸும் முதலில் அங்கேதான் தாக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பொருத்தைச் சுரண்டிப் புதுச் சாந்து நிரப்புவார்கள். கல் அப்படியே இருக்கும்.

அந்தப் பொருத்தில் கல்லைவிடக் கடினமான சீமெந்தை அடைத்தால் கணக்குத் தலைகீழாகிறது. பொருத்தால் போக முடியாத நீர் கல்லால் போகும், உப்பும் ஐஸும் கல்லைத் தேடி வரும். வெப்பத்திலும் ஈரத்திலும் கல் சற்று விரிந்து சுருங்கும்போது, வளைந்து கொடுக்காத சாந்து கல்லின் விளிம்பை நொருக்கும். இப்படிக் கெட்ட சுவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். சீமெந்துக் கோடுகள் மட்டும் தேன்வதைபோல் புடைத்து நிற்கும், நடுவிலிருந்த கற்கள் குழிந்து போயிருக்கும். பூசாத பழைய மதில்களில் பாருங்கள், கட்டாயம் ஒன்று தென்படும்.

சீமெந்து கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. கொங்கிறீற்றுத் தூணுக்கும் வளைக்கும் அதுதான் வேண்டும். சீமெந்துக் கல்லால் கட்டிய புது வீட்டுக்கும் சீமெந்துச் சாந்தே பொருத்தம். ஆனால் அது வந்தது பிந்தித்தான். போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை எடுத்தது 1824 இல். மட்டக்களப்பு நகரிலுள்ள புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628 இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638 இல். அந்தக் காலக் கட்டடங்களைப் பிடித்து வைத்திருந்தவை சுண்ணாம்பும் களிமண்ணும்.

சுண்ணாம்பு இறுகும் விதமும் வேறு. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும். நீற்றின சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்துத் திரும்பவும் சுண்ணக்கல்லாக மாறும். இதற்கு மாதங்கள் செல்லும். மெல்லிய வெடிப்பு வந்தால், மழைநீரில் சிறிதளவு கரைந்து அந்த வெடிப்பிலேயே படிந்து தானாக மூடவும் செய்யும். வேலை சுணங்கும் என்று இன்று பலர் இதை விட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய கவலை.

சுருங்கச் சொன்னால், திருத்தப் போடும் பொருள் திருத்தப்படும் கல்லைவிட மெலிதாக இருக்க வேண்டும்.

கொத்துவதற்கு முன் தண்ணீர் வரும் வழி

சாந்தைத் தொடுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், முடிந்தால் மழை பெய்யும்போதே. கூரைப் பீலி உடைந்து ஒரே இடத்தில் ஊற்றுகிறதா? குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா? சுவரில் சாய்த்து விறகோ மண்ணோ குவித்திருக்கிறதா?

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அத்திவாரத்துக்கு மேலே, சுவர் தொடங்கும் இடத்தில், நீர் ஏறாமலிருக்கத் தாரும் சீமெந்தும் சேர்த்து ஒரு படை போடுவார்கள். இது ஓதத் தடுப்புப் படை. மாரி வெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் வருடா வருடம் வளவுக்குக் கிறவல் கொட்டி உயர்த்துகிறோம். ஒரு நாள் அந்த மண் தடுப்புப் படையைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு படை இருந்தும் இல்லாததுதான். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி இறக்கி, நீர் வழிந்தோட ஒரு கான் விட்டாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு மூட்டைச் சீமெந்தும் தேவையில்லை.

பொருத்தைச் சுரண்டி நிரப்புதல்

இது பொறுமையான வேலை. பொருத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது ஆழம் சுரண்ட வேண்டும். 10 மில்லிமீற்றர் பொருத்தென்றால் 20 முதல் 25 மில்லிமீற்றர். ஒடுங்கிய உளியும் சுத்தியலும் போதும். கிறைண்டர் பிடித்தால் கல்லின் விளிம்பு வெட்டுப்பட்டுவிடும், அது திரும்பி வராது. தூளை நன்றாகத் தட்டித் துலக்கி, தண்ணீர் தெளித்து, கல் நீரைக் குடித்து முகம் மங்கியபின் சாந்தை அழுத்தி அழுத்திப் படைபடையாக நிரப்ப வேண்டும். கல்லின் முகத்துக்கு வெளியே வழிய விடக்கூடாது.

கலவைக்கு: பழைய மெலிந்த கல்லென்றால் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சற்றுப் பலமான கல்லுக்குச் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது. நன்றாக வெந்த கல்லுக்கு ஒன்று, ஒன்று, ஆறு. கழுவிய ஆற்று மணலும் குடிக்கக்கூடிய தண்ணீரும்தான் வேண்டும். தோட்டத்துக்குப் போடும் டொலமைட்டைச் சுண்ணாம்பென்று வாங்கிவிடாதீர்கள், அது இறுகாது. நீற்றின சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். நிரப்பியபின் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு கிழமையாவது வெயில் படாமல் காக்க வேண்டும். கச்சானில் திறந்து விட்டால் சுண்ணாம்பு இறுகாமலே காய்ந்து மாவாகிவிடும்.

பூத்த உப்பைக் காய்ந்த தும்பால் துலக்கி, தட்டில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் அதே உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். அசிட் போட்டுக் கழுவுவது இன்னும் மோசம்; அது சுண்ணாம்பைத் தின்று, ஈரம் இழுக்கும் புது உப்பொன்றை உண்டாக்கும். உப்பு மிகுந்த இடத்துக்கு ஒத்தடம் போடலாம். நல்ல தண்ணீரில் குழைத்த களிமண்ணையோ ஊறவைத்து அரைத்த கடதாசிக் கூழையோ விரல் தடிப்பில் அப்பி, அது காயும்வரை விட வேண்டும். அந்தத் தண்ணீர் முதலில் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். காயக் காய உப்போடு திரும்பக் கூழுக்குள் வரும். உரித்து எறிந்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மேலே அடிப்பதற்கு வெள்ளைச் சுண்ணாம்பே நல்லது.

சுவர் சரிந்திருந்தால், படிபடியாக வெடித்திருந்தால், கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அது வேறு நோய். பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் அறையில் சீமெந்தையெல்லாம் கழற்றி, ஒரு கச்சான் காலம் முழுக்கச் சுவரைத் திறந்தே விட்டோம். பிறகு கரைந்த கற்களை மாற்றி, சுண்ணாம்புச் சாந்தால் பொருத்து நிரப்பி, சுண்ணாம்புப் பூச்சே பூசினோம். ஈரம் முழங்காலுக்குக் கீழே இறங்கி நின்றது. அடியில் ஒரு முழ உயரப் பூச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை உப்பி உதிரும். அதைத் தட்டிவிட்டுத் திரும்பப் பூசுகிறோம். தேய வேண்டியது அதுதான். பின்னாலுள்ள கல் நாங்கள் வைத்தபடியே இருக்கிறது.

அக்காவுக்கு

அவசரப்படாமல் இருக்கச் சொன்னேன். சாந்து வேலைக்கு வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே போகக்கூடாது. நிரப்பியபின் பல நாட்களுக்கு, சுண்ணாம்பென்றால் பல கிழமைகளுக்கு, உறைபனி படக்கூடாது. இறுகாத சாந்திலுள்ள நீர் உறைந்தால் செய்த வேலையெல்லாம் மண். ஆகவே மே மாதத்திலிருந்து இலையுதிர் காலம் தொடங்கும்வரைதான் காலம். அதுவரை பீலியைத் திருத்தி, வழித்த பனியைச் சுவரோரம் குவிக்காமல் இருக்கலாம். அங்கே சில வீடுகளில் செங்கல் வெளிப்போர்வை மட்டுமே, பின்னால் இடைவெளி விட்டிருப்பார்கள். அடிவரிசையில் பொருத்துகளில் சிறு துளைகள் இருந்தால் அவை பழுதல்ல, உள்நீர் வடிவதற்கு வைத்தவை, அடைக்கவே கூடாது. பளபளப்பாக நீர் ஒட்டாத திரவம் பூசித் தருகிறோம் என்று வருகிறவர்களிடமும் கவனமாக இருக்கச் சொன்னேன், உள்ளே போன ஈரத்தை அது அடைத்து வைத்துவிடலாம்.

மே கடைசியில் வேலை தொடங்க ஒரு மேசனைப் பேசியிருக்கிறார். விலையைக் கேட்பதற்கு முன், பொருத்துக்கு என்ன கலவை போடப்போகிறீர்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.